அப்பச்சிக்கு ஒரு பிக் பேண்டு: மும்பையா, சிங்கப்பூரா, நியூயார்க்கா?

போன மாசியில் அப்பச்சிக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, 78 முடிந்தது. எங்கள் வீட்டில் பிறந்த நாள் கொண்டாடுகிற வழக்கமில்லை. தங்கச்சி மட்டும் தேவகோட்டையிலிருந்து ஒரு தூக்கில் கந்தரப்பமும் சீப்புச் சீடையும் கொண்டுவந்திருந்தாள். பட்டாலையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தபோது, "இன்னம் பார்க்கணும்னு ஏதாச்சும் ஆசை இருக்கா அப்பச்சி?" என்று கேட்டுவைத்தாள். காசி என்பார், நகரத்தார் சத்திரத்தில் நாலு நாள் தங்கணும் என்பார் என்று நினைத்தோம். "அந்தப் பேண்டை ஒருதரம் உள்ள உக்காந்து பாக்கணும்" என்றார்.

எந்த பேண்டு என்று எங்களுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரமானது. 1965-ல், 18 வயதில், அப்பச்சி சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் வட்டிக்கடைக் கிட்டங்கி ஒன்றில் பெட்டியடிப் பையன், எடுபிடி வேலை. பகலெல்லாம் பேரேடும் வட்டிக் கணக்கும். ஒரு சனிக்கிழமை இரவு கடையில் வேலை பார்த்த அடுத்தாள் ஒருவரோடு அந்தக் காலத்துக் கேளிக்கைப் பூங்கா ஒன்றைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார். அங்கே நடனக் கூடத்துக்குள் பெரிய பேண்டு ஒன்று வாசித்துக்கொண்டிருந்தது. வேட்டியோடு வந்த இருவரையும் வாசல்காரர் உள்ளே விடவில்லை. "கதவு திறக்கிறப்பல்லாம் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி சத்தம் மூஞ்சில அடிச்சது. மூடினா தும் தும்முனு தரை மட்டும் அதிரும்" என்று அப்பச்சி அதை இப்போதும் சொல்வார். மூன்று பாட்டு வரைக்கும் கதவோரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். ஊர் வந்தபோது அவர் பெட்டியில் அமெரிக்க பேண்டுத் தலைவர் கவுண்ட் பேஸியின் இசைத்தட்டு ஒன்று இருந்தது. தட்டைச் சுழற்றுகிற பெட்டி 1980-களிலேயே பழுதாகிப் போனது. தட்டு மட்டும் இரும்பு அலமாரியில், வீட்டுப் பத்திரங்களோடு இருக்கிறது.

அன்றைக்கே வீட்டில் மூன்று கட்சி உண்டாகிவிட்டது. சென்னையில் இருக்கும் தம்பி, "செய்யறதைச் சரியாச் செய்யணும், நியூயார்க்தான்" என்றான். தங்கச்சி மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், அதனால் அவள் அந்தக் கட்சி. நான் வங்கி வேலையில் மூன்று வருடம் மும்பையில் இருந்தவன். பழகிய ஊர் என்பதால் மும்பை என்றேன். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அலசியதில் எனக்கே மனம் மாறியது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து இப்படி ஒரு காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் நாங்கள் மட்டுமாக இருக்க மாட்டோம் என்பதால் அலசியதை எழுதிவைக்கிறேன்.

முதலில், பிக் பேண்டு என்றால் என்ன. அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையை வாசிக்கிற பெருங்குழு. வழக்கமான கணக்கு 17 பேர்: சாக்ஸபோன் 5, டிராம்போன் 4, டிரம்பெட் 4, இவர்களைத் தாங்குகிற பியானோ, கிதார், பெரிய பாஸ் ஃபிடில், டிரம்ஸ். சாக்ஸபோன்காரர்கள் முன் வரிசையில் உட்காருவார்கள். நடுவில் டிராம்போன். எல்லாருக்கும் பின்னால், மேட்டில், டிரம்பெட். சர்வர் சுந்தரம் (1964) படத்தில் 'அவளுக்கென்ன' பாட்டுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டியிருப்பார்கள், ஞாபகம் இருக்கும். நம் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படமெடுக்கத் தொடங்கிய ஏவி.எம்.மின் படம். எம்.எஸ்.விஸ்வநாதன் கையை வீச வீச வரிசை வரிசையாக வாத்தியங்கள் எழும். அந்தக் காட்சியில் வயலினை எடுத்துவிட்டு ஊதுகிறவர்களை இரண்டு பங்காக்கினால் ஏறக்குறைய பிக் பேண்டு. அந்தச் சாயல் நம் காதுக்கு அந்நியமில்லை. 1950, 60-களின் சினிமா இசை அதில் ஊறித்தான் வளர்ந்தது.

பாட்டு நடப்பது கேள்வியும் பதிலுமாக. சாக்ஸபோன் வரிசை ஒன்றைச் சொல்லும், டிரம்பெட் வரிசை வெட்டிப் பதில் சொல்லும். நடுவில் ஒருவர் எழுந்து தன் மனோதர்மத்துக்கு வாசித்துவிட்டு உட்காருவார். முடிகிற சமயத்தில் 13 பேரும் ஒரே மூச்சில் உச்சத்துக்குப் போவார்கள். அப்பச்சி முகத்தில் அடித்தது அந்தக் கட்டமாகத்தான் இருக்க வேண்டும்.

இனி, எதை வைத்து ஒப்பிடுவது? தம்பி, பேண்டின் பெயரை வைத்து ஒப்பிட்டான், தங்கச்சி செலவை வைத்து. என் கட்சி வேறு: அரங்கை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், மேளம் வாசிக்கும்போது தூணோரம் நின்று கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தவிலின் அடி காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டுக்கு வந்துவிடும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர் சத்தத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அடிக்கும். ஆனால் மேலே வானம் திறந்திருப்பதால் தேங்கி நிற்காது, மிச்சம் மேலே போய்விடும். நாயனக்காரர் இடப்பக்கம் திரும்பினால் சத்தமும் திரும்பும். அதே மேளத்தை இப்போதைய ஏசி மண்டபத்தில் மைக் வைத்து, இரண்டு பக்கமும் ஆளுயரப் பெட்டி வைத்து விடுகிறார்கள். வாசிக்கிறவர் மேடையில் இருக்கிறார், சத்தம் பெட்டியிலிருந்து வருகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் "சாப்பாட்டுப் பந்தி எப்ப?" என்று கேட்கக்கூட முடியாது. ஆனால் நெஞ்சில் எதுவும் விழாது.

பிக் பேண்டுக்கும் இதே நியாயம். டிரம்பெட்டும் டிராம்போனும் நாதஸ்வரம் மாதிரி திறந்த வெளிக்கு ஈடுகொடுக்கிற வாத்தியங்கள். நல்ல கூடத்தில் அவற்றுக்கு மைக் தேவையே இல்லை. பேஸியின் குழுவில் ஃப்ரெடி கிரீன் என்ற கிதார்காரர் 1937-ல் சேர்ந்து 1987-ல் சாகும்வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாசித்தார். கிதாருக்கு மின்சாரம் கிடையாது, தனி ஆவர்த்தனமும் இல்லாத மாதிரிதான். அடிக்கு ஒரு மீட்டு, அவ்வளவே. இசைத்தட்டில் பல இடங்களில் அந்தக் கிதாரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் மொத்தக் குழுவும் அதன் மேல்தான் நடந்தது. ஒலிபெருக்கியில் முதலில் காணாமல் போகிறவர் இந்த மாதிரி ஆள்தான். அப்பச்சி பார்க்க ஆசைப்பட்டது அவரைப் போன்றவர்களும் சேர்ந்த 17 பேரை.

போகாமல் தீர்க்க வழி உண்டா என்றும் பார்த்தோம். தங்கச்சி மகன் வாங்கிக் கொடுத்த கையடக்க ஸ்பீக்கரில் பேஸியைப் போட்டோம். அப்பச்சி மரியாதைக்கு இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, "இது கதவு மூடியிருக்கிற மாதிரியே இருக்கு" என்றார். அதற்குமேல் அந்த வழியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வீட்டுக்கே வரவழைப்பது என்பது தம்பி ஒரு ராத்திரி உற்சாகத்தில் சொன்ன யோசனை. நம் முகப்பும் வளவும் கல்யாணத்துக்கு நூற்றுக்கணக்கில் ஆளைத் தாங்கியவைதான், 17 பேரை உட்கார வைப்பது பெரிதில்லை. அவர்கள் வந்து சேருவதுதான் பெரிது. எல்லாருக்கும் விமானச் சீட்டு, அறை, சாப்பாடு, பியானோ வாடகை. கல்யாணத்துக்கு மேளம் பேசும்போதே இன்னொரு தவில் வேண்டுமா வேண்டாமா என்று எத்தனை இழுபறி நடக்கிறது! பிக் பேண்டுகள் அருகிப்போனதற்கே இந்த ஆள் கணக்குதான் பெரிய காரணம். இரண்டாம் உலகப் போரில் ஆட்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். 1944-ல் நடனம் நடக்கிற இடங்களுக்கு அமெரிக்க அரசு கடும் கேளிக்கை வரி போட்டது. ரசனையும் பாடகர்கள் பக்கம் சாய்ந்தது. 17 பேரைப் பேருந்தில் ஏற்றி ஊர் ஊராகப் போக யாருக்கும் கட்டவில்லை; நாலைந்து பேர் குழுக்கள் வந்துவிட்டன.

அரசாங்கம் செலவு செய்து அனுப்பிய காலமும் ஒன்று இருந்தது. 1963-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை பிக் பேண்டுத் தலைவர் டியூக் எல்லிங்டனை முழுக் குழுவோடு மேற்காசியாவுக்கும் இந்தியாவுக்கும் அனுப்பியது. டில்லியில் எல்லிங்டன் உடம்புக்கு முடியாமல் மருத்துவமனையில் படுத்தார். தேறி எழுந்து பயணத்தைத் தொடர்ந்தபோது, நவம்பரில் கென்னடி சுடப்பட்ட செய்தி வந்து, துருக்கியோடு எல்லாம் பாதியில் நின்றது. அப்போது அப்பச்சிக்கு 16 வயது. பள்ளத்தூரில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

நம் ஊர்ப் பேண்டு செட்டை இந்த இடத்தில் விட்டுவிடக் கூடாது. கல்யாணம், சாமி புறப்பாடு, மாதா கோவில் திருவிழா என்று வெயிலில் நின்று ஊதுகிறவர்கள். டிரம்பெட், கிளாரினெட், யூஃபோனியம் எல்லாம் அதிலும் உண்டு. பக்கத்தில் நின்றால் காற்று அதிர்வது தெரியும். பித்தளையின் நேரடிச் சத்தம் எப்படியிருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிடச் சுலபமான வழி கிடையாது, செலவும் இல்லை. ஆனால் அங்கே எல்லாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து ஊதுவார்கள். பிக் பேண்டில் ஐந்து சாக்ஸபோனும் ஐந்து வேறு வேறு சுரத்தில் ஒரே நடையில் போகும். அதனால் அப்பச்சிக்கு அது மாற்று ஆகாது.

சென்னையை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். பல்லவனில் ஏறினால் மதியத்துக்குள் எழும்பூர். செலவு, அலைச்சல் இரண்டிலும் அதுதான் முதல். நல்ல கூடங்களும் உண்டு. அந்தக் கணக்கில் நம் பக்கத்துப் பணமும் இருக்கிறது என்று ராஜா அண்ணாமலை மன்றத்தைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பண்பாட்டு மையங்கள் அவ்வப்போது ஜாஸ் குழுக்களைக் கூட்டிவருகின்றன. வருகிறவை பெரும்பாலும் மூன்று பேர், நான்கு பேர். பழைய பாட்டு மெல்லிசைக் கச்சேரிகளில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் இருக்கும், ஆனால் எல்லாம் மிக்ஸர் வழியாகத்தான். தற்செயலாக முழுக் குழு ஒன்று வந்தால் விட வேண்டாம். அதை நம்பி 78 வயதுக்காரரைக் காக்க வைக்க முடியாது.

மும்பை, நான் முதலில் கையைத் தூக்கிய இடம். இந்தியாவில் இந்த இசைக்குப் பிறந்த வீடு என்று ஒன்றைச் சொன்னால் கல்கத்தாவையும் பம்பாயையும்தான் சொல்ல வேண்டும். 1935-ல் லியோன் அபே தன் கறுப்பினக் கலைஞர் குழுவோடு பம்பாய் தாஜ் ஹோட்டலில் வாசிக்க வந்தார். பின்னால் வந்த பியானோக்காரர் டெடி வெதர்ஃபோர்டு இந்தியாவிலேயே தங்கி 1945-ல் கல்கத்தாவில் இறந்தார். இவர்களிடமிருந்து கோவாக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். மாதா கோவிலில் நொட்டேஷன் படிக்கப் பழகியவர்களாதலால் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். சிக் சாக்லேட் என்று பெயர் வைத்துக்கொண்ட டிரம்பெட்காரர் இரவில் ஹோட்டலிலும் பகலில் இந்திப் படப் பாட்டிலும் வாசித்தார். அவர் வேலை பார்த்த இசையமைப்பாளர் சி.ராமச்சந்திராதான் நமக்கு வஞ்சிக்கோட்டை வாலிபன் (1958) தந்தவர்.

அரங்கிலும் குறை சொல்ல முடியாது. நரிமன் பாயிண்டில் கடலோரமாக இருக்கும் தேசிய நிகழ்கலை மையத்தின் (என்.சி.பி.ஏ.) டாட்டா தியேட்டர் 1980-ல் திறந்தது. ஏறக்குறைய 1,000 இருக்கைகள். சிதாரும் தம்பூராவும் ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைக்குப் போக வேண்டும் என்று, ஒலியியல் வல்லுநர் சிரில் ஹாரிஸை வைத்துக் கட்டியது. நவம்பர் வாக்கில் அங்கே ஜாஸ் விழா நடக்கும். மதுரையில் ஏறினால் நேராக மும்பை, பாஸ்போர்ட் விசாத் தொல்லை கிடையாது.

பிறகு ஏன் மனம் மாறினேன்? விழாவுக்கு வருகிற குழுக்களில் பிக் பேண்டு எப்போதாவதுதான். தேதி தெரியும், ஆள் கணக்கு தெரியாது. இன்னொன்று என் சொந்த அனுபவம். மும்பையில் இருந்தபோது ஒருமுறை பெரிய பேண்டு ஒன்றைக் கேட்கப் போனேன். காசு கூடக் கொடுத்து முதல் வரிசை, இடது ஓரம் வாங்கினேன். பிக் பேண்டில் டிரம்ஸும் பாஸும் பியானோவும் பார்ப்பவர்களுக்கு இடது கைப்பக்கம்தான் இருக்கும் என்று அன்றைக்குத் தெரியாது. இரண்டு மணி நேரமும் டிரம்ஸ் கேட்டேன். டிரம்பெட்காரர்கள் மேட்டில் நின்று என் தலைக்கு மேலே ஊதினார்கள், அது பின்னால் யாருக்கோ போய்ச் சேர்ந்தது. டிராம்போன் நாலும் நீளுவதும் சுருங்குவதும் கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு வரவில்லை. அன்றிலிருந்து என் அபிப்பிராயம், எந்த ஊர் என்பதைவிட எந்த வரிசை என்பது முக்கியம். பத்தாவது வரிசைக்கு முன்னே பின்னே, நட்ட நடு.

கல்கத்தாவில் குளிர்காலத்தில் நல்ல ஜாஸ் விழா நடக்கிறது. சிறு குழுக்களுக்குப் போகலாம். எங்கள் கேள்விக்குப் பதில் அங்கே இல்லை.

தம்பியின் நியூயார்க்கை நியாயமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இசையை மட்டும் வைத்தால் அவன்தான் ஜெயிப்பான். கிரீனிச் வில்லேஜ் பகுதியில் வில்லேஜ் வேன்கார்டு என்று ஒரு நிலவறை. 1935-லிருந்து இருக்கிறது. 123 பேர்தான் உட்காரலாம். 1966 பிப்ரவரியில் தாட் ஜோன்ஸ் என்ற டிரம்பெட்காரரும் மெல் லூயிஸ் என்ற டிரம்ஸ்காரரும் அங்கே ஒரு பிக் பேண்டைத் தொடங்கினார்கள். வாரத்தில் திங்கட்கிழமை மட்டும். காரணம் எளிது: அவர்கள் சேர்த்த ஆட்கள் எல்லாரும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் நாடக அரங்குகளிலும் வேலை பார்த்தவர்கள், திங்கள் இரவுதான் கை ஓய்வு. தொடங்கியவர்கள் இருவரும் காலமாகிவிட்டார்கள். வாத்தியத்தைக் கைமாற்றிக் கைமாற்றி அந்தக் குழு இன்றும் திங்கட்கிழமைகளில் வாசிக்கிறது. நம் கோவிலில் ஒரு மேளக்காரர் குடும்பம் தலைமுறையாக முறை வைத்து வாசிக்கிற மாதிரி.

யோசித்துப் பாருங்கள். தாழ்ந்த கூரை, 123 பேர், எதிரே கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் முழு பேண்டு. அடுப்பு வாய் என்று அப்பச்சி சொன்னது உலகத்திலேயே அங்கேதான் அப்படியே கிடைக்கும். பெரிய கூடம் வேண்டுமென்றால் கொலம்பஸ் சர்க்கிளில் ஜாஸுக்கென்றே கட்டி 2004-ல் திறந்த லிங்கன் சென்டர் அரங்கங்கள் இருக்கின்றன. விண்டன் மார்சாலிஸ் வளர்த்த பெருங்குழுவின் வீடு அது. அங்கே லிஃப்ட் உண்டு.

வேன்கார்டுக்கு லிஃப்ட் கிடையாது. தெருவிலிருந்து செங்குத்தான படிகளில் இறங்க வேண்டும். அப்பச்சி எங்கள் வீட்டு முகப்புப் படியையே பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்குகிறார். கண்டனூருக்குக் காரில் போய்வந்தாலே கால் வீங்குகிறது. ஒரு வழிக்கே 20 மணி நேரத்துக்கு மேல் ஆகிற பயணம், அமெரிக்க விசாவுக்கு நேர்காணல், ஒன்பதரை, பத்தரை மணி நேரம் தள்ளி ஓடுகிற கடிகாரத்தில் இரவு நிகழ்ச்சிக்கு விழித்திருப்பது. தம்பியிடம் சொன்னேன்: "நீயும் நானும் போவோம்டா. அப்பச்சிக்கு இது இருபது வருஷம் பிந்திப்போச்சு." அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வயதுக்காரர் யாராவது இதைப் படித்தால், என் யோசனை அவன் கட்சிதான். காசு சேர்த்து, திங்கட்கிழமையை நடுவில் வைத்து, நேரே நியூயார்க் போங்கள்.

மிஞ்சியது சிங்கப்பூர். திருச்சிக்கு இரண்டு மணி நேரக் கார். அங்கிருந்து நேர் விமானம், சுமார் நாலரை மணி நேரம். கடிகாரம் இரண்டரை மணிதான் தள்ளியிருக்கும். விசா வேண்டும், ஆனால் முகவர் மூலமே முடிந்துவிடும். தங்கச்சி மகன் வீட்டில் தங்கல், ஆத்தாவுக்கும் பேரனைப் பார்த்த மாதிரி இருக்கும். "ஐயாவுக்கு மேலைக் கழிப்பறை, பிடிமானக் கம்பி எல்லாம் இருக்கு" என்று அவன் வீடியோவில் குளியலறையையே சுற்றிக் காட்டினான். சிரிக்க வேண்டாம், 78 வயதில் இதெல்லாம்தான் முதல் வரி.

பேண்டு? பியானோக் கலைஞர் ஜெரமி மாண்டேரோ முன்னின்று 2016-ல் அமைந்த ஜாஸ் அசோசியேஷன் சிங்கப்பூர் என்ற அமைப்புக்குச் சொந்தமாக ஒரு பிக் பேண்டு இருக்கிறது. உள்ளூர்க் கலைஞர்கள். வெளியூரிலிருந்து 17 பேர் வந்து சேர வேண்டிய அவசியமில்லாததால் வருடத்தில் சில நிகழ்ச்சிகளாவது உறுதி. நியூயார்க் வாசிப்புக்கு ஈடா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நம் தேவைக்குப் போதுமா என்றால், தாராளமாக.

அரங்குகளில்தான் எனக்கு மனம் போயிற்று. ஒன்று, 2002-ல் திறந்த எஸ்பிளனேட். டுரியான் பழம் மாதிரி முள் முள்ளாக இருக்குமே, அதுதான். அதன் இசைக்கூடத்தில் ஏறக்குறைய 1,600 பேர் உட்காரலாம். சிம்பனிக்காகக் கட்டும் கூடங்களில் ஒரு வில்லங்கம் உண்டு: சத்தம் நீண்ட நேரம் நின்று கரையும். வயலினுக்கு அது தேன். டிரம்ஸுக்கு அது சேறு, ஒவ்வோர் அடியும் அடுத்த அடியின் மேல் வழியும். இங்கே சுவரோரம் திரைகளை இறக்கி அந்த எதிரொலியைக் குறைத்துக்கொள்ள முடிகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். வளவுக்கு மேலே வானம் செய்கிற வேலையை அங்கே துணி செய்கிறது.

இன்னொன்று விக்டோரியா கான்சர்ட் ஹால். 1905-ல் கட்டியது, புதுப்பித்து 2014-ல் மறுபடி திறந்தார்கள். 700-க்கும் குறைந்த இருக்கைகள். இரண்டில் எனக்கு இதுதான். 17 பேருக்கு 1,600 பேர் கூடம் பெரிது. பின்வரிசைக்குப் போவதற்குள் கூர்மை மழுங்கிவிடும், உடனே மைக் வைக்க ஆசை வரும். 700 பேர் கூடத்தில் அந்த ஆசை குறையும். அதோடு, அந்த வாசலிலிருந்து கவனா பாலம் வழியாக ஆற்றைத் தாண்டி மெதுவாக நடந்தால் மார்க்கெட் தெரு. கிட்டங்கிகள் இருந்த இடத்தில் கண்ணாடிக் கோபுரங்கள். இருந்தாலும் தெருப் பெயர் அதேதான். மறுநாள் காலை டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில். 1859-ல் நம் நகரத்தார் கட்டியது. காசி ஆசை இல்லாதவருக்கும் அது ஒரு யாத்திரைதான்.

செலவை ஒரு வரியில் சொல்கிறேன். இரண்டு பேருக்கு நாங்கள் போட்ட கணக்கில் மும்பை 50,000 ரூபாய்க்குள் முடிந்தது, சிங்கப்பூர் தங்கல் செலவு இல்லாததால் 80,000 பக்கம் வந்தது, நியூயார்க் எப்படிச் சுருக்கியும் 5 லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை.

சீட்டு வாங்குமுன் கவனிக்க வேண்டியவை சில. அறிவிப்பில் பிக் பேண்டு என்று போட்டிருந்தாலும் ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒன்பது பேரை வைத்தும் அந்தப் பெயரைப் போடுகிறவர்கள் உண்டு. பெயர்ப் பட்டியல் இருந்தால் டிராம்போன்காரர்களை எண்ணுங்கள். செலவைக் குறைக்க முதலில் வெட்டுவது அந்த வரிசையைத்தான். முன்னால் பாடகர் ஒருவர் நிகழ்ச்சி முழுக்கப் பாடுகிறார் என்றால் பேண்டு பக்கவாத்தியமாகிவிடும், அது வேறு ரகக் கச்சேரி. ஏப்ரல் 30 சர்வதேச ஜாஸ் தினம். அதை ஒட்டிய வாரங்களில் பல ஊர்களில் பெரிய குழுக்கள் மேடையேறும், தேதி தேடுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

காது கேட்கும் கருவி போட்டிருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்தக் கருவி பேச்சுக்காகச் சீர்செய்தது. பித்தளை வரிசை உச்சத்துக்குப் போனதும் அதுவாகவே சத்தத்தை அமுக்கும், அல்லது கரகரக்கும். அப்பச்சிக்குக் கருவி பொருத்தியவரிடம் கேட்டதில், இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். வாசலில் நாயனக்காரர் ஒருவரை வைத்துச் சோதித்தோம். "இப்ப சரியா இருக்கு, முன்னாடி தகரத்துல கல்லு விழுந்த மாதிரி இருந்துச்சு" என்றார். இதைச் செய்யாமல் கடல் தாண்டிப் போயிருந்தால் எல்லாம் வீண்.

இன்னொரு சமாச்சாரமும் அவரைத் தயார்செய்யச் சொல்லிவைத்தேன். டிரம்பெட்காரர்கள் சில சமயம் வாத்தியத்தின் வாயை ஒரு ரப்பர்க் கிண்ணத்தால் மூடி மூடித் திறப்பார்கள், மனிதர் முனகுகிற மாதிரி சத்தம் வரும். எல்லிங்டன் குழுவில் பபர் மைலி, கூட்டி வில்லியம்ஸ் எல்லாம் அதில் மன்னர்கள். அந்தக் கிண்ணம் வேறொன்றுமில்லை, கழிவறை அடைப்பு எடுக்கிற குச்சியின் முனையில் இருக்கிற ரப்பர்தான். ஆத்தா இதைக் கேட்டுவிட்டு, "இதுக்கா அம்புட்டுத் தூரம்?" என்றாள்.

ஆக, சிங்கப்பூர். அடுத்த நிகழ்ச்சி அறிவித்ததும் சீட்டு எடுப்பதாக ஏற்பாடு. நேற்று மாலை, பழக்கப்படுத்தலாம் என்று கணினியில் அந்தக் கூடத்தின் இருக்கைப் படத்தை அப்பச்சிக்குத் திறந்து காட்டினேன். மேடை இது, டிரம்ஸ் இந்தப் பக்கம், டிரம்பெட் இங்கே நிற்கும், அதனால் நாம் இந்த நடு வரிசையில் உட்கார்ந்தால் எல்லா வாத்தியமும் சமமாகக் கேட்கும் என்று மும்பையில் காசு கொடுத்துக் கற்ற பாடத்தை முழுக்க ஒப்பித்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "கதவு எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார்.

காட்டினேன். கடைசி வரிசை ஓரத்தில், கதவை ஒட்டி இருந்த கட்டத்தின் மேல் விரலை வைத்து, "இதுல ஒண்ணு போடு" என்றார்.